முடிவு தெரிந்த ஆட்டம்

கூத்து பார்த்து வளர்ந்த ஒருவருக்கு ரோல் பிளேயிங் கேமைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மொபைல் கேமிலேயே ஊறிய கல்லூரிப் பையன்கள் வந்து உட்கார்ந்ததும், "இப்ப நான் இன்னா இன்னா பண்ணலாம்ணா, லிஸ்ட் எங்க இருக்குது?" என்று கேட்பார்கள். செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே கலெக்டர் ஆபீஸுக்கு வேலைக்கு வரும் ஒரு அண்ணன் லிஸ்டெல்லாம் கேட்கவில்லை. "உன் ஆள் யாருண்ணே?" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் ஆளின் ஊர், குலம், பகை, பட்ட அவமானம் என்று எல்லாவற்றையும் ராகத்தோடு அடுக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன் அவர் இருபது முகப் பகடையைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தப் பதிவு அவரால்தான். அவர் ஆடுவதைப் பார்த்த பிறகு இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் வைத்திருந்த பல எண்ணங்கள் இடம் மாறிவிட்டன. எழுதி வைத்தால் வேறு ஊரில் ஆடுகிறவர்களுக்கும் உதவும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறோம். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள். அந்த ஆள் யார், என்ன தெரியும், எதற்குப் பயப்படுவான் என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கும். நடத்துகிறவர் ஒரு நிலைமையைச் சொல்வார். நாம் என்ன செய்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். திரை கிடையாது, பட்டன் கிடையாது, வாயும் காதும்தான்.

"ராத்திரி. கோட்டைக் கதவு சாத்தியாச்சு. வெளியே ஒரு கிழவி, தலையில கூடை. தொறக்கச் சொல்லி அழுவுது. காவல் நீதான். இன்னா பண்ற?"

"கூடையில இன்னா இருக்குதுன்னு கேக்கறேன்."

"'பேரப்புள்ளைக்கு மருந்து சாமி'ன்னு சொல்லுது. ஆனா கூடையிலருந்து தண்ணி சொட்டுது."

"விளக்க எடுத்துனு கிட்ட போறேன்."

"விளக்க எடுத்தா மேல கொத்தளத்துல இருக்கறவன் உன்னப் பார்ப்பான். பரவால்லியா?"

இப்படியே மூன்று மணி நேரம் போகும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருளும். பகடை சொன்னதை யாரும் மாற்ற முடியாது, நடத்துகிறவராலும் முடியாது.

இதன் வரலாற்றை நீட்ட எனக்கு விருப்பமில்லை. 1824ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு விதி எழுதினார். அதில் ஒரு நடுவர் இருந்தார். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வேஷம் கொடுத்துப் பார்த்தார். ஒருவர் ஊர்த் தலைவர், ஒருவர் மாணவர் என்று. அவரோடு ஆடிய டேவ் ஆர்னசன் அதைக் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். லேக் ஜெனிவாவில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து 1974ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். ஒரு சின்னப் பெட்டியில் மூன்று மெல்லிய புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதி. பல முகப் பகடைகள் அப்போது கணக்குப் பாடம் நடத்துவதற்கான கல்விப் பொருளாக விற்றுக்கொண்டிருந்தன. அங்கிருந்துதான் இந்த ஆட்டத்துக்கு வந்தன.

இனி நம்ம ஊர்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் எங்காவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். ராத்திரி அதே கதை கூத்தாகும். பத்து மணிக்கு மேல் மத்தளம் முழங்கிக் களரி கட்டினால் விடிய விடிய ஆடுவார்கள். செய்யாறுக்குப் பக்கத்தில் இருக்கும் புரிசைக்குத் தமிழ் நாடக உலகத்தில் தனி மரியாதை. கண்ணப்பத் தம்பிரான் பெயரால் இன்றும் அங்கே கூத்து மன்றம் இருக்கிறது. 1977ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து எழுதியவர். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா, ஆல்ஃப் ஹில்டபைட்டல் போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்துக் கூத்தையும் திரௌபதி வழிபாட்டையும் பற்றித் தடித் தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும்போது, வேஷம் போட்டுப் பேசுவது எப்படி என்று யூடியூபில் அமெரிக்க நடிகர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

கட்டியக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தில் முதலில் வருகிறவன் அவன்தான். ராஜா திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலகி, ஆடி அமர்ந்ததும், "ஐயா, தாங்கள் யார்? எந்த ஊர்?" என்று கேட்கிறவனும் அவனே. ராஜா தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்ல இவன் குறுக்கே கேள்வி போடுவான். எல்லாமே சபைக்காகக் கேட்கிற கேள்விகள். பிறகு தேவைப்பட்டபடி அவனே சேவகன், அவனே தூதன், அவனே வழிப்போக்கன். கதை அஸ்தினாபுரத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே நம்ம ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையை உள்ளே கொண்டுவருவான். அழ வேண்டிய இடத்தில் அழவிட்டு, மூச்சு முட்டும் முன்னால் சிரிக்கவைப்பான். ரோல் பிளேயிங் கேமை நடத்துகிறவருக்கு என்னென்ன வேலை என்று ஆங்கிலப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதுகின்றன. நல்ல கட்டியக்காரனை ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் அதில் பாதி புரிந்துவிடும். எங்கள் மேசையில் நடத்துகிறவரைக் கட்டியக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

குறிப்பாக அந்தக் கேள்விகள். புதிதாக ஆட்டம் நடத்துகிறவர்கள் நிறைய வர்ணிப்பார்கள். மழை பெய்கிறது, மூடுபனி சூழ்ந்திருக்கிறது, தூரத்தில் ஓநாய் ஊளையிடுகிறது என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். எதிரில் இருப்பவர்கள் பிரசாதத்துக்குக் காத்திருக்கும் முகத்தோடு இருப்பார்கள். கட்டியக்காரன் வர்ணிப்பது குறைவு, கேட்பது அதிகம். "மகாராஜா, இந்தக் கிரீடம் இவ்வளவு கனமா இருக்குதே, யார் வெச்சது?" என்று கேட்டால் போதும், வேஷம் கட்டியவர் மிச்சத்தைக் கட்டுவார். நான் ஆட்டம் நடத்தும்போது இப்போதெல்லாம் குறிப்பேட்டில் வர்ணனை எழுதி வைப்பதில்லை, கேள்விதான் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கூத்தில் பாத்திரம் முதலில் நுழையும்போது தன்னையே வேறு ஆளாக வைத்துப் பாடும். துரியோதன மகாராஜன் கொலுவுக்கு வருகிறார் என்று துரியோதனனே பாடிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் 'நான்' வரும். எங்கள் மேசைக்கு வரும் புதியவர்களும் இப்படித்தான். "என் ஆளு கதவத் தொறக்கறான்", "அவன் கோவப்படறான்" என்று தொடங்குவார்கள். வற்புறுத்தினால் கூச்சப்படுவார்கள். விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில், யாரும் சொல்லாமலே, "நான் தரமாட்டேன்" என்று வந்து நிற்பார்கள். எனவே முதல் ஆட்டத்திலேயே 'நானாகப் பேசு' என்று யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். ராஜாவுக்கே அதற்கு ஒரு திரையும் ஒரு பாட்டும் தேவைப்படுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்கு அடுத்தது.

கூத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் உண்டு. மேசையில் கதை எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. கூத்தில் எல்லோருக்கும் தெரியும். பகடைத் துகில் கூத்து அன்றைக்குச் சகுனியின் கையில் பகடை உருளும்போது, தர்மர் தோற்பார் என்று மடியில் உறங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். போன வருஷமும் தோற்றார், தாத்தா காலத்திலும் தோற்றார். இருந்தும் சபை முன்னுக்கு நகர்ந்து உட்காருகிறது. பாய் போட்டுப் படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்காருகிறார்கள். நாட்டை வைக்கிறார், தம்பிகளை வைக்கிறார், தன்னை வைக்கிறார், பாஞ்சாலியை வைக்கிறார். இவர்கள் எதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்? என்ன நடக்கும் என்பதை இல்லை, அது தெரிந்த சங்கதி. தோற்ற மனுஷன் அடுத்த வார்த்தையை எப்படிச் சொல்லப்போகிறான் என்று பார்க்கிறார்கள். இந்த ஜமாவில் இந்த வாத்தியார் கட்டிய தர்மர் அதை எப்படித் தாங்குகிறார் என்று பார்க்கிறார்கள். மறுநாள் டீக்கடையில் பேச்சும் அதைப் பற்றித்தான்.

எங்கள் மேசையில் குறைவாக இருந்தது இதுதான். பெரும்பாலான மேசைகளில் இது குறைவு என்றே நினைக்கிறேன். பகடை நன்றாக விழுந்தால் ஆரவாரம். மோசமாக விழுந்தால் "ச்சே" என்று தலையில் கை, அதோடு அடுத்தவர் முறை. தோல்வி ஒரு எண்ணாக வந்து எண்ணாகவே போய்விடும். வாள் குறி தவறியது என்றால் தவறியது, அவ்வளவுதான். அந்த நொடியில் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று, யார் பார்த்தார்கள், அவன் முகத்தை எங்கே வைத்துக்கொண்டான் என்று யாரும் கேட்பதில்லை. கலெக்டர் ஆபீஸ் அண்ணன் மட்டும் தோற்கும்போதெல்லாம் பேசினார். பகடை ஒன்றைக் காட்டினால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆஹா, இதையும் பார்க்கத்தான் இந்தக் கண்ணு இருந்துதா" என்று தொடங்கிவிடுவார். முதலில் பையன்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எல்லோரும் அவர் தோற்பதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவர் தோற்ற ராத்திரிகள்தான் எங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன.

மேல்நாட்டிலும் இதை யோசித்தவர்கள் உண்டு. ஸ்டீபன் டூயி 2015ல் வெளியிட்ட 'டென் கேண்டில்ஸ்' என்ற ஆட்டத்தில் மேசையில் பத்து மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். ஒரு முயற்சி தோற்றால் ஒன்றை அணைக்க வேண்டும். காற்றில் தானாக அணைந்தாலும் அணைந்ததுதான், மறுபடி ஏற்றக்கூடாது. கடைசி மெழுகுவர்த்தி அணையும்போது எல்லாப் பாத்திரங்களும் இறந்துவிடும். தப்பிக்க வழியே கிடையாது. ஆட ஆரம்பிக்கும் முன்னாலேயே இது எல்லோருக்கும் தெரியும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் குரலில் கடைசிச் செய்தி ஒன்றைப் பதிவு செய்து வைப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு இருட்டில் அதைப் போட்டுக் கேட்பார்கள். வெல்வதற்கு ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், ஆடுகிறவர்களின் கவனம் முழுக்க 'எப்படி' என்பதன் மேல் போய்விடுகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் செஞ்சிதான் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதில் வளைத்துப் பிடித்திருக்கும். 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ராஜா தேசிங்கின் கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்பா சொரூப்சிங் இறந்தபின் பட்டத்துக்கு வந்த இளைஞன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டு வந்தபோது கட்ட மறுத்தான். 1714 அக்டோபரில், சிறு படையோடு பெரிய சேனைக்கு எதிரே போய் மாண்டான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு சேர்ந்து உயிர்விட்ட முஸ்லிம் நண்பனையும், பாராசாரிக் குதிரையையும் நாட்டுப்பாடல் மறக்கவிடவில்லை. முடிவு தெரிந்த கதை. ஊருக்கே தெரிந்த கதை. இதைவிடப் பொருத்தமான களம் எங்கே கிடைக்கும்?

ஆனால் தேசிங்கை யாருக்கும் கொடுக்கவில்லை. ராஜாவின் வீரம் பாட்டில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் கோட்டைக்குள் இருந்த சாதாரண ஜனங்கள். ஒருவர் கதவுக் காவல். ஒருவர் லாயத்தில் குதிரைக்குத் தீனி வைப்பவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, மருத்துவச்சி ஆனார். ஒரு கல்லூரித் தம்பி, ராஜகிரி உச்சியில் பிளவுக்கு மேல் போட்ட மரப்பாலத்தைக் காக்கிறவன். ரேஷன் கடையில் வேலை செய்யும் ஒருவர் தானியக் களஞ்சியத்துக் கணக்கப்பிள்ளை. செஞ்சியில் அந்தக் களஞ்சியத்துக்குள் போய் நின்றிருக்கிறீர்களா? சுவரின் கனமே ஒரு கதை சொல்லும்.

மெழுகுவர்த்திக்குப் பதிலாக அகல் விளக்கு. விதி ஒன்றே ஒன்று: மறுநாள் ராஜா திரும்பமாட்டார், கோட்டை நவாபின் கைக்குப் போகும், அதற்குப் பகடை கிடையாது. மற்ற எதற்கும் உருட்டலாம். குதிரை லாயத்திலிருந்து ஒரு குட்டியையாவது வெளியே அனுப்ப முடியுமா? பிரசவ வலியில் இருக்கிற பெண்ணை மேலே இருந்து கீழே இறக்க முடியுமா? ஊர் ஜனத்துக்கு நெல் போய்ச் சேருமா?

நெல் விஷயத்தில்தான் அது நடந்தது. கணக்கப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகக் களஞ்சியத்தைத் திறந்து, வாசலில் நிற்கும் ஜனத்துக்கு அளந்துவிட முடிவு செய்தார். எதிரி கைக்குப் போவதைவிட இவர்கள் வயிற்றுக்குப் போகட்டும் என்று. காவலுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும். உருட்டினார். தோற்றார். கதவுக் காவல் பந்தத்தோடு வந்து நிற்கிறான். வழக்கமாக இந்த இடத்தில் சண்டை வரும், இல்லையென்றால் ஓட்டம் வரும். ரேஷன் கடைக்காரர் இரண்டையும் செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுப்பதுபோல் கையை நீட்டி, கணக்கு ஒப்புவிக்க ஆரம்பித்தார். எந்தப் பத்தாயத்தில் எத்தனை கலம் இருந்தது, யார் யாருக்கு எத்தனை மரக்கால் அளந்தது, எது எலி தின்றது, எது மழையில் முளைத்தது. "எழுதிக்கப்பா. நாளைக்கு எவனும் நான் திருடினேன்னு சொல்லக்கூடாது. அளந்தது நான். கொடுத்தது நான். எனக்குன்னு ஒரு படி எடுக்கல. கணக்கு சரியான்னு பார்த்துக்க."

அன்றாடம் நூறு பேரிடம் கணக்குக்குப் பதில் சொல்லும் மனிதர் அவர். எடை குறைகிறது என்று எவ்வளவு பேர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பார்கள். அந்த அனுபவம் முழுவதும் 1714க்குள் போய் இறங்கியது. கதவுக் காவலாக ஆடியவர் பகடையைத் தொடவே இல்லை. "நான் பந்தத்த அணைச்சுட்டு, மூட்டையத் தூக்கித் தலையில வெக்கறேன்" என்றார். பகடை தோல்வி என்று சொல்லிவிட்டது. அதை மீறாமல், ரகசியமாக நடக்க வேண்டியது ரகசியமில்லாமல் நடந்தது. அந்த உருட்டல் வென்றிருந்தால் நெல் சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும், இந்தக் காட்சியே பிறந்திருக்காது.

இதைப் பார்த்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துயரத்தை ஆடுவது விளையாட்டில்லை. கூத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாஞ்சாலியின் துகிலில் கை வைக்கும் முன், பல ஊர்களில் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். இந்தக் கை வேஷத்தின் கை, என் கை இல்லை, தாயே பொறுத்துக்கொள் என்று. அதற்குப் பிறகுதான் காட்சி. சபையில் சாமி வந்து ஆடுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்துக்கொள்ள ஆட்களும் தயாராக இருப்பார்கள். ரோல் பிளேயிங் உலகத்தில் ஜான் ஸ்டவ்ரோபுலோஸ் என்பவர் 'எக்ஸ் கார்டு' என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். மேசை நடுவில் ஒரு அட்டை இருக்கும். காட்சி யாருக்காவது தாங்கமுடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிட வேண்டும். இதைச் சிலர் தேவையில்லாத மென்மை என்று கேலி செய்வதைப் படித்திருக்கிறேன். நூற்றாண்டுகளாக இந்தக் காட்சியை ஆடிவருகிறவர்களே கற்பூரம் ஏற்றாமல் தொடுவதில்லை. எங்கள் மேசையில் அட்டையும் உண்டு, தொடக்கத்தில் 'எதெல்லாம் வேண்டாம்' என்ற பேச்சும் உண்டு. பிரசவக் காட்சியில் அக்கா அந்த அட்டையைத் தொட்டார். தாயும் பிள்ளையும் நலம் என்று ஒரே வரியில் முடித்து அடுத்த விளக்குக்குப் போனோம்.

இனி பகடை. இருபது முகப் பகடை நம் ஊர்க் கடையில் கிடைக்காது, ஆன்லைனில் வாங்க வேண்டும். அது ஒரு தடையே இல்லை என்று காட்டத்தான் இந்தப் பகுதி. வீட்டுக்கு வீடு பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை சேர்ந்தால் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. அது 16ல் 1. தாயம் 16ல் 2. இரண்டு 16ல் 3. மூன்று 16ல் 4. நாலு 16ல் 3. அஞ்சு 16ல் 2. ஆறு 16ல் 1. அழகான ஏற்ற இறக்கம். நடுவில் இருப்பது அடிக்கடி விழும், ஓரத்தில் இருப்பது அபூர்வம். தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தத்தில் ஊறியது. அந்த நான்கும் சேர்ந்தால் 16ல் 6.

அதை அப்படியே விதியாக்கினோம். மறு ஆட்டம் உள்ள எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ நாலோ விழுந்தால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை விலையாகக் கொடுக்க வேண்டும். அதற்கு வாய்ப்பு 16ல் 7. இரண்டு விழுந்தால் தோல்வி, 16ல் 3. வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' 2010ல் இதே மாதிரி மூன்று படி வைத்தது: முழு வெற்றி, விலை கொடுத்த வெற்றி, தோல்வி. அதில் சாதாரணப் பகடை இரண்டு. எந்தக் கூட்டலும் இல்லாமல் உருட்டினால் விலை கொடுத்த வெற்றிக்கு 36ல் 15. நம் தாயக்கட்டையில் நடுப்படி கிட்டத்தட்ட அதே அளவு, தோல்வி மட்டும் நன்றாகவே குறைவு. தோல்வி குறைவாக இருப்பதால் அது விழும்போது கனமாக விழுகிறது. செஞ்சி ஆட்டத்துக்கு இதுதான் சரியாக வந்தது. கணக்கப்பிள்ளைக்கு விழுந்தது இரண்டு.

இன்னொரு வசதி, கல்லூரித் தம்பியின் பாட்டி. அறைக்குள் தாயக்கட்டைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "இன்னாடா, கட்டமே போடாம ஆடறீங்க?" என்று கேட்டவர், அப்புறம் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தார். இருபது முகப் பகடையாக இருந்திருந்தால் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இதைச் சுற்றி இருக்கும் கைவேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டில் விரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் பாதி. இங்கே அதற்கு ஆகும் செலவு அதிகம், எங்களுக்கு அதில் பெரிய நாட்டமும் வரவில்லை. வரைபடம் போடுவதில்தான் எல்லோருக்கும் ஆசை. பாலம் காத்த தம்பி, செஞ்சிக்கு நேரில் போய் படியேறிப் பார்த்துவிட்டு வந்து கோட்டைப் படத்தைச் சார்ட் தாளில் வரைந்தான். நிழல் எந்த நேரத்தில் எந்த மதிலில் விழும் என்றுகூடக் குறித்திருந்தான். கூத்துக்காரர்கள் லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டிக் கட்டும் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும் இது புரியும். வேஷம் வருவதற்கு முன்பே கை வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

தமிழில் விதிப்புத்தகம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு. 2023 ஜனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் அது வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தமிழில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். விக்கிப்பீடியாவுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் தமிழில் உழைத்தவர்கள் இதைச் செய்ய நினைத்தால் முடியும். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். நீண்ட மந்திரப் பட்டியல் நமக்கு முதல் தேவை இல்லை. முதல் தேவை நம் களங்கள்: செஞ்சி, படவேடு, ஜவ்வாது மலை, தரங்கம்பாடி, யாழ்ப்பாணம். ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் ஊரின் ஒரு ராத்திரியை நாலு பக்கத்தில் எழுதினால் போதும். யார் யார் இருக்கிறார்கள், எது முன்கூட்டியே முடிவான சங்கதி, எதற்கெல்லாம் உருட்டலாம், கட்டியக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன. அவ்வளவே.

எங்கள் செஞ்சிப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். கணக்கப்பிள்ளையின் பகுதியை ரேஷன் கடைக்காரரே எழுதுகிறார், கலம், மரக்கால், படிக் கணக்கோடு. அடுத்த ஆட்டம் பௌர்ணமி கழித்துத்தான். கிரிவலக் கூட்டத்தில் வேலூர் ரோட்டைக் கடந்து யாரும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. இந்த முறை கட்டியக்காரர் நான் இல்லை, கலெக்டர் ஆபீஸ் அண்ணன். எந்தக் கதை என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். ஆளுக்கொரு விருத்தம் தயார் பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், பையன்கள் இரண்டு நாளாக யூடியூபில் முகவீணை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.